ஓர் ஊரின் எண்

நுழையும்முன்

எண்கள் இருவகையாக வாழ்கின்றன. சில எண்கள் அளவைச் சொல்லும். சில எண்கள் அடையாளத்தை மட்டும் சொல்லும். பேருந்தின் தடஎண்ணும் வீட்டின் கதவெண்ணும் தொலைபேசி எண்ணும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் கூட்டுவாரும் இல்லை, பெருக்குவாரும் இல்லை. ஆயினும் அடையாளமாக நிற்கும் எண்ணும் எண்ணே. அதற்கும் காரணிகள் உண்டு. குலமும் அண்டை அயலும் உண்டு. ஓர் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணை எடுத்துக்கொண்டு அதன் உள்ளமைப்பை ஆராயும் இப்பாடம், அங்கிருந்து எண்ணியலின் இன்னும் தீராத புதிர் ஒன்றின் வாயில் வரை செல்கிறது.

முகவரியில் ஓர் எண்

சென்னையிலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் புறநகர் இருப்புப்பாதையில் மறைமலை நகரை அடுத்து வரும் ஊர் சிங்கப்பெருமாள் கோவில். சிறு குன்றைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோவிலே ஊருக்குப் பெயரானது. பெருஞ்சாலையிலிருந்து இங்கே பிரியும் ஒரு சாலை ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூருக்குச் செல்கிறது. மகிழுந்துகளும் சரக்குந்துகளும் அவற்றின் உறுப்புகளும் உருவாகும் தொழிற்சாலைகள் அச்சாலையின் இருமருங்கும் நிறைந்துள்ளன. பல மாநிலங்களிலிருந்தும் வந்து பணிபுரிவோர் தங்கும் ஊர் என்பதால், இங்கு வந்துசேரும் அஞ்சல்களில் முகவரி பல மொழிகளில் எழுதப்பட்டிருக்கும். எந்த மொழியில் எழுதினாலும் மாறாதிருப்பது அதன் கடைசி வரியில் உள்ள எண் ஒன்றே: 603204.

இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு முறை 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயருடைய ஊர்கள் பலவாக இருந்ததும், முகவரிகள் வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்டதும் அஞ்சல் பிரிப்போரைத் திணறச் செய்தன. அதற்குத் தீர்வாக இம்முறையை வகுத்தவர், அஞ்சல் துறையில் உயர்பொறுப்பில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். இவர் வடமொழியில் கவிதையும் நாடகமும் எழுதியவர் என்பது பலரும் அறியாத செய்தி. முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். ஆறு என்பது தமிழகம், கேரளம், புதுச்சேரி ஆகியவற்றை உள்ளடக்கிய தென்மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிக்கும் மாவட்டத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தையும் சுட்டும்.

இவ்வெண்ணில் தவறு கண்டறியும் இலக்கம் எதுவும் இல்லை. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் முந்தைய பதினோரு இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதினால் கணக்கு ஒத்துவராது, பிழை வெளிப்பட்டுவிடும். அஞ்சல் எண்ணுக்கு அந்தக் காவல் கிடையாது. கடைசி இலக்கம் நான்குக்குப் பதில் மூன்று ஆகிவிட்டால் கடிதம் காட்டாங்கொளத்தூருக்குப் போய்விடும். ஒற்றை இலக்க வேறுபாடு முகவரியில் சில கிலோமீட்டர் தொலைவாகிறது. எண்ணியலில் அதே வேறுபாடு எவ்வளவு பெரிய தொலைவாகிறது என்பதை அடுத்துக் காணலாம்.

எண்ணைப் பகுத்தல்

603204 இரட்டை எண். அதன் ஈற்றிலக்கங்கள் 04 ஆகையால் நான்கால் வகுபடும். இலக்கங்களின் கூட்டல் 6 + 0 + 3 + 2 + 0 + 4 = 15; ஆகவே மூன்றால் வகுபடும்; ஒன்பதால் வகுபடாது. ஈற்றில் 0 அல்லது 5 இல்லாமையால் ஐந்தால் வகுபடாது. இவை கீழ்வகுப்புகளில் கற்றவையே.

ஏழுக்கு வரும்போது பலரும் நீள்வகுத்தலைத் தொடங்கிவிடுவர். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. 1001 என்னும் எண் 7 × 11 × 13 ஆகும். 603204 என்பதை 603 × 1000 + 204 என எழுதலாம். 1000 என்பது 1001-இல் ஒன்று குறைவு. எனவே அந்த எண், 603 × 1001 என்பதோடு 204-ஐக் கூட்டி 603-ஐக் கழித்ததற்குச் சமம். 603 × 1001 என்பது 7, 11, 13 ஆகிய மூன்றாலும் வகுபடும். எஞ்சியிருப்பது 204-க்கும் 603-க்கும் இடையிலான வேறுபாடாகிய 399 மட்டுமே. 399 = 7 × 57. அது 11-ஆலும் 13-ஆலும் வகுபடாது. ஆக, ஆறிலக்க எண்ணை நடுவில் பிளந்து இருபாதிகளையும் கழித்த ஒரே கணக்கில் மூன்று பகா எண்களுக்கும் விடை கிடைத்துவிட்டது.

603204-ஐ நான்காலும் மூன்றாலும் ஏழாலும் வகுத்தபின் எஞ்சுவது 7181. இதற்குக் காரணி தேடும் பணி சற்றுப் பொறுமையைக் கேட்கும். 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41 என ஒவ்வொன்றாக வகுத்தாலும் மீதி வந்துகொண்டே இருக்கும். 43-இல் மீதியின்றி வகுபட்டு 167 கிடைக்கும். 167 பகா எண். ஆகவே,

603204 = 2² × 3 × 7 × 43 × 167

இதனை வேறு எந்தப் பகா எண்களின் பெருக்கலாகவும் எழுத இயலாது. ஒவ்வொரு முழு எண்ணும் ஒரே ஒரு வகையில்தான் பகா எண்களாகப் பிரியும் என்பது எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். அஞ்சல் துறை இந்த எண்ணை ஊருக்கு வழங்குமுன்பே அதற்கு இந்த உள்ளமைப்பு இருந்தது. ஊரின் பெயர் மாறினாலும் அது மாறாது.

அண்டை எண்

காட்டாங்கொளத்தூரின் அஞ்சல் எண்ணாகிய 603203 இதற்கு முற்றிலும் வேறான இயல்புடையது. அது ஒற்றை எண்; மூன்றால் வகுபடாது; மேற்சொன்ன பிளத்தல் முறையில் 603 − 203 = 400 என வருவதால் 7, 11, 13 எவற்றாலும் வகுபடாது. தொடர்ந்து முயன்றால் 17, 19, 23 என ஒவ்வொன்றும் தோற்கும். எதுவரை முயல்வது? 776-இன் வருக்கம் 602176. 777-இன் வருக்கம் 603729. ஓர் எண் இரண்டு காரணிகளின் பெருக்கலாயின் அவற்றுள் சிறியது அதன் வருக்கமூலத்தை மீறாது. எனவே 776 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அத்தகைய பகா எண்கள் 137. அந்த 137-உம் மீதி விட்டுச் செல்கின்றன. ஆகவே 603203 ஒரு பகா எண்.

பக்கத்துப் பக்கத்து ஊர்கள், அடுத்தடுத்த எண்கள். ஒன்றுக்கு 48 வகுத்திகள். மற்றொன்றுக்கு இரண்டே வகுத்திகள். எண்ணியலைக் கடினமாக்குவது இவ்வியல்புதான். ஒன்றைக் கூட்டுவதனாலோ கழிப்பதனாலோ பெருக்கல் அமைப்பு எப்படி மாறும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் எளிய விதி எதுவும் இல்லை.

ஆறிலக்க எண்ணுக்கு 137 முறை வகுப்பது ஒரு மாலைப் பொழுதின் வேலை. அறுநூறு இலக்க எண்ணுக்கு இம்முறை எந்தக் கணினிக்கும் ஒத்துவராது. இணையவழிப் பணப்பரிமாற்றங்களின் மறைப்பு முறைகளுள் ஒன்று இவ்வரிய நிலையையே காவலாகக் கொண்டது: இரண்டு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது, 617 இலக்கங்கள் கொண்ட பெருக்கற்பலனைக் கொடுத்து அவ்விரண்டையும் கேட்டால் விடை சொல்வார் இல்லை. ஆனால் ஓர் எண் பகா எண்ணா, அன்றா என்று மட்டும் அறிவது அதைவிட எளிது. பொறுத்துக்கொள்ளத்தக்க நேரத்தில் ஐயமின்றி அதனை முடிவுசெய்யும் முறை ஒன்று உண்டு என்று 2002-ஆம் ஆண்டில் நிறுவியவர்கள் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வாலும் அவர்தம் மாணவர்களான நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும். மாணவர் இருவரும் அப்போதுதான் இளநிலைப் பொறியியல் படிப்பை முடித்திருந்தனர்.

குறை, நிறை, மிகை

ஓர் எண்ணின் வகுத்திகளுள் அந்த எண்ணை மட்டும் நீக்கி மற்றவற்றைக் கூட்டிப் பார்க்கும் வழக்கம் கிரேக்கர் காலத்தது. கூட்டுத்தொகை அவ்வெண்ணுக்குச் சமமாயின் அது நிறையெண், குறைந்தால் குறையெண், மிகுந்தால் மிகையெண். 6-இன் வகுத்திகள் 1, 2, 3. அவற்றின் கூட்டல் 6. அடுத்த நிறையெண்கள் 28, 496, 8128. நிக்கோமாக்கசு என்னும் பழைய கிரேக்க அறிஞர், மிகையெண்களை மிகுதியான உறுப்புகளுடன் பிறந்த விலங்குகளுக்கும், குறையெண்களை உறுப்புக் குறைந்தவற்றுக்கும் ஒப்பிட்டார். உவமை சுவையானதே, கணிதத்துக்கு அதனால் பயன் ஏதும் விளையவில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலின் எண் எவ்வகை? அதன் 48 வகுத்திகளையும் எழுதிக் கூட்ட வேண்டியதில்லை. 2-ஐ எடுக்காமலோ, ஒருமுறையோ, இருமுறையோ எடுக்கலாம். 3, 7, 43, 167 ஆகிய ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம். ஆகவே வகுத்திகளின் எண்ணிக்கை 3 × 2 × 2 × 2 × 2 = 48. அவற்றின் கூட்டுத்தொகையும் இவ்வாறே பெருக்கலாகப் பிரியும்:

(1 + 2 + 4) × (1 + 3) × (1 + 7) × (1 + 43) × (1 + 167) = 7 × 4 × 8 × 44 × 168 = 16,55,808

இதிலிருந்து எண்ணையே கழித்தால் 10,52,604. இது 6,03,204-ஐ விட மிகுதி. எனவே சிங்கப்பெருமாள் கோவிலின் எண் மிகையெண். இதனைக் கூட்டாமலே அறியவும் வழி உண்டு. ஆறின் மடங்காகிய எந்த எண்ணையும் எடுத்து அதன் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகிய மூன்றையும் கூட்டினால் அந்த எண்ணே திரும்பக் கிடைக்கும். இங்கே 3,01,602 + 2,01,068 + 1,00,534 = 6,03,204. ஒன்று என்னும் வகுத்தியை இன்னும் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தாலே தொகை மிகுந்துவிடும். ஆகவே 6-ஐத் தவிர ஆறின் மடங்குகள் அனைத்தும் மிகையெண்களே.

பகா எண்ணுக்குத் தன்னை நீக்கினால் 1 மட்டுமே வகுத்தி. ஆதலால் 603203 குறையெண்களுள்ளும் கடைநிலை. சாலையின் மறுமுனையான திருப்பெரும்புதூரின் எண் 602105 = 5 × 7 × 17203. அதன் எட்டு வகுத்திகளின் கூட்டல் 6 × 8 × 17204 = 8,25,792; எண்ணைக் கழித்தால் 2,23,687. அதுவும் குறையெண்ணே.

தமிழில் பேரெண்

பழந்தமிழர் பேரெண்களைச் சொல்லத் தயங்கியவர் அல்லர். எண்ணுப்பெயர்களின் புணர்ச்சியைக் கூறுமிடத்தில் தொல்காப்பியம், ஐ, அம், பல் என்னும் இறுதிகளையுடைய பேரெண்ணுப் பெயர்களுக்கும் இலக்கணம் வகுக்கிறது. உரையாசிரியர்கள் அவற்றுக்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என எடுத்துக்காட்டுவர். குளத்தை நிறைக்கும் பூக்களும் கரையை மீறும் நீரும் பேரெண்களுக்குப் பெயராயின.

எழுதும் முறையும் கருதத்தக்கது. பழைய தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் உண்டு. இடமதிப்புக்காகச் சுழியை நிரப்ப வேண்டியதில்லை. 603204 என்பதை ௬௱௩௲௨௱௪ என எழுதலாம். அறுநூற்று மூன்று ஆயிரத்து இருநூற்று நான்கு என்று வாயால் சொல்வதே எழுத்தாகிறது. இரண்டு சுழிகளும் மறைந்துவிடும். மறுபுறம் சிற்றெண்களில் தமிழர் காட்டிய நுட்பம் பெரிது. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒன்று கீழ்முந்திரி. நிலத்தையும் நெல்லையும் பாதி, காலாகப் பகிர்ந்துகொண்டே செல்ல இப்பின்னங்கள் உதவின. பகிர்வதற்கு ஏற்ற எண் எது என்பதே அடுத்துவரும் கேள்வியும்.

இராமானுசன் தேடிய எண்கள்

இராமானுசன் பெயரைச் சொன்னால் 1729 என்னும் எண் உடன் வரும். இலண்டனில் மருத்துவமனையில் இருந்த அவரைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை மகிழுந்தின் எண் சுவையற்றது என்று கூற, அது இருவேறு வகைகளில் இரண்டு கனங்களின் கூட்டலாக எழுதத்தக்க மிகச் சிறிய எண் என்று இராமானுசன் விடைபகர்ந்தார். 1³ + 12³ = 9³ + 10³ = 1729. அடையாளமாக மட்டும் நின்ற ஓர் எண்ணின் உள்ளே பார்த்த நிகழ்ச்சி அது. எனினும் அந்தக் கதையின் புகழ், அவர் உண்மையில் உழைத்து எழுதிய ஒரு பெரும் ஆய்வை மறைத்துவிட்டது.

பன்னிரண்டு பழங்களை 2, 3, 4, 6 பேருக்குச் சமமாகப் பங்கிடலாம். பதின்மூன்றைப் பங்கிட முடியாது. பொருள்களைச் சிப்பமாகக் கட்டுவோர் 12, 24, 36, 48 என்னும் எண்களை விரும்புவதும், மணிக்கு 60 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை, வட்டத்துக்கு 360 பாகை என வகுத்ததும் இதனாலேயே எளிதாயின. இராமானுசன் இக்கருத்தைக் கூர்மையாக்கினார். தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும் விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்ணைத் தனி இனமாகக் கொண்டார். அதனை மிகுபகு எண் எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என அவ்வரிசை செல்லும்.

அத்தகைய எண்ணின் உருவம் எவ்வாறு இருக்க வேண்டும்? 603204 இங்கு நல்ல சான்று. அதன் பகாக் காரணிகள் 2, 3, 7, 43, 167. இடையில் 5 இல்லை, 11 இல்லை. 7-க்குப் பதில் 5-உம், 43-க்குப் பதில் 7-உம், 167-க்குப் பதில் 11-உம் வைத்தால் 2² × 3 × 5 × 7 × 11 = 4620 கிடைக்கும். இதற்கும் வகுத்திகள் 48. சிறிய எண்ணே அதே எண்ணிக்கையைத் தந்துவிடுவதால் பெரிய எண்ணுக்குச் சிறப்பில்லை. அடுக்குகளையும் திருத்தியமைத்தால் 2³ × 3² × 5 × 7 = 2520 என்னும் இன்னும் சிறிய எண் அதே 48-ஐத் தரும். 603204-க்குக் கீழே 554400 என்னும் எண்ணுக்கு 216 வகுத்திகள் உள்ளன. ஆகவே சிங்கப்பெருமாள் கோவிலின் எண் மிகுபகு எண் அன்று. மிகுபகு எண்ணில் 2-இலிருந்து தொடங்கும் பகா எண்கள் ஒன்றும் விடுபடாமல் வரும். அடுக்குகள் போகப்போகக் குறையுமேயன்றிக் கூடா. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 என்னும் இரண்டு எண்களைத் தவிர எங்கும் ஒன்றே. இவ்விதிகளோடு நில்லாது, அடுக்குகள் எவ்வளவு குறையும், அடுத்தடுத்த மிகுபகு எண்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு என்பன போன்ற நுண்ணிய வினாக்களையும் இராமானுசன் தொடுத்தார்.

இவ்வாய்வு 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தவர், கல்லூரித் தேர்வில் கணிதம் தவிரப் பிற பாடங்களில் தேறாதவர், 1916 மார்ச்சில் இவ்வாய்வுக்காகவே கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்றார்.

விடுபட்ட எண்

அக்கட்டுரையில் மிகுபகு எண்களின் அட்டவணை ஒன்று உண்டு. அதில் 102 எண்கள். கடைசி எண் 6746328388800; அதாவது ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. அதன் வகுத்திகள் 10,080. கணினியும் இல்லை, கணிப்பொறியாளரும் இல்லை. ஓர் எண் அட்டவணையில் இடம்பெற வேண்டுமானால் அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை என்பது உறுதியாக வேண்டும். அவ்வளவையும் ஒருவர் கையால் எழுதிச் செய்தார்.

பிற்காலத்தவர் சரிபார்த்தபோது அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருந்தது தெரியவந்தது. அது 293318625600. அதன் வகுத்திகள் 5,040. இரண்டையும் பகாக் காரணிகளாக எழுதி அருகருகே வைத்தால் ஒரு வியப்பு காத்திருக்கும்.

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண் வருகிறது. அவர் தவறவிட்டது அவர் எழுதிய எண்ணுக்குள்ளேயே இருந்தது. மிகுபகு எண்ணை அதன் கடைசிப் பகா எண்ணால் வகுத்தால் எப்போதும் மிகுபகு எண்ணே கிடைக்கும் என்று சொல்ல இயலாது. இங்கு அவ்வாறு அமைந்தது. நூற்று மூன்றில் ஒன்று தவறியது என்பதைக் குறையாகக் காண்பார் இருக்கலாம். நூற்றிரண்டு சரியாக அமைந்ததே இங்கு எண்ணத்தக்கது.

5040-க்கு அப்பால்

அட்டவணையில் விடுபட்டதை விடப் பெரிய விடுபாடு ஒன்று அக்கட்டுரைக்கு நேர்ந்தது. அது இராமானுசனின் பிழையன்று. முதல் உலகப்போர்க் காலத்தில் இலண்டன் கணிதக் கழகம் பொருள்முடையில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைப்பதற்காகக் கட்டுரையின் பிற்பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. கையெழுத்துப் படியில் எஞ்சிய அப்பகுதி, பிரெஞ்சுக் கணித அறிஞர்களான நிக்கோலா, ரொபேன் ஆகியோரின் குறிப்புகளுடன் 1997-இல்தான் அச்சேறியது. எழுதியவர் 1920 ஏப்ரல் 26 அன்று முப்பத்திரண்டு வயதில் சென்னையில் மறைந்துவிட்டார்.

நிறுத்திவைக்கப்பட்ட பக்கங்களில் இருந்தது என்ன? வகுத்திகளின் எண்ணிக்கையை விட்டு, வகுத்திகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்னும் ஆராய்ச்சி. மேலே சிங்கப்பெருமாள் கோவிலின் எண்ணுக்கு 16,55,808 எனக் கண்ட அதே கூட்டுத்தொகை. அதற்கு மேல்வரம்பு காண இராமானுசன் ஒரு கருதுகோளைத் துணைக்கொண்டார். பகா எண்களின் பரவல் குறித்து ரீமான் என்னும் செருமானியர் 1859-இல் முன்வைத்த கருதுகோள் அது. இன்றளவும் அதனை நிறுவியவரும் இல்லை, மறுத்தவரும் இல்லை.

1984-இல் ரொபேன் இத்தொடர்பை முழுமையாக்கினார். ஓர் எண்ணின் இயல் மடக்கையைக் காண்க. அந்த மடக்கைக்கு மீண்டும் இயல் மடக்கை காண்க. கிடைத்ததை அந்த எண்ணாலும் 1.781 எனத் தொடங்கும் ஒரு மாறிலியாலும் பெருக்குக. இதுவே வரம்பு. ரீமான் கருதுகோள் உண்மையாயின் 5040-க்கு மேற்பட்ட எந்த எண்ணின் வகுத்திக் கூட்டலும் இவ்வரம்பை எட்டாது. கருதுகோள் பொய்யாயின், வரம்பை மீறும் எண் 5040-க்கு அப்பால் எங்கேனும் இருந்தே தீரும். 5040 என்பதும் ஒரு மிகுபகு எண். அதன் வகுத்திகளின் கூட்டல் 19,344. வரம்போ ஏறத்தாழ 19,237. வரம்பை மீறுவனவாக அறியப்பட்ட எண்களுள் அதுவே மிகப் பெரியது.

603204-ஐயும் இத்தேர்வுக்கு உட்படுத்தலாம். அதன் இயல் மடக்கை ஏறத்தாழ 13.31; அதன் மடக்கை 2.5885, 1.781-ஆல் பெருக்க 4.61, எண்ணால் பெருக்க ஏறத்தாழ 27 இலட்சத்து 80 ஆயிரம். வகுத்திகளின் கூட்டலோ 16 இலட்சத்து 55 ஆயிரத்துச் சொச்சம். வரம்புக்குள் அடங்கிவிட்டது. அடுத்த எண் 603205; அதுவும் அடங்கும். அதற்கடுத்ததும் அடங்கும். எத்தனை கோடி எண்கள் அடங்கினாலும் அது சான்றாகாது. அடங்காத ஓர் எண் அகப்பட்டால், நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணித உலகம் நம்பி வந்த கருதுகோள் அன்றே சரியும். தேடத் தக்கவை மிகுபகு எண்களும் அவற்றின் உறவு எண்களும் என்று வழிகாட்டி நிற்பவை, அச்சுச் செலவுக்காக ஒதுக்கப்பட்ட அந்தப் பக்கங்கள்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பகாக் காரணிகளாகப் பகுத்து, அது குறையெண்ணா, மிகையெண்ணா எனக் காண்க. ஆறிலக்கத்தை நடுவில் பிளக்கும் முறை உங்களுக்கு எங்கே கைகொடுத்தது என்பதையும் எழுதுக.

2. உங்கள் வகுப்பு மாணவர்களின் ஊர் எண்களுள் பகா எண் உள்ளதா எனக் குழுவாகத் தேடுக. ஒருவர் வகுப்பதை மற்றொருவர் சரிபார்க்க.

3. 48 வகுத்திகளைக் கொண்ட எண்களுள் மிகச் சிறியது 2520 என்று பாடம் கூறுகிறது. 2520-க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் 48 வகுத்திகள் இருக்க இயலாது என்பதை எவ்வாறு உறுதிசெய்வீர்கள்?